கழற்றியதைக் காட்டச் சொன்னவர்

சனிக்கிழமை காலை, வாசலில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது மாதா கோயிலில் துக்க மணி அடித்தது. யாருக்கு மணி என்று கேட்டேன். காரைக்கால்மேட்டிலிருந்து வரும் கூடைக்காரம்மாவுக்குத் தெரியாத சாவு இந்த ஊரில் கிடையாது. "தெரியாதா டீச்சர்? சர்வே சாரு போயிட்டாரு. விடியக்காலயில நெஞ்ச வலிக்குதுன்னாராம். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்கூடத் தாங்கலையாம்" என்றாள். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. கோபம்தான். இந்த மனுஷனிடம் கேட்க வேண்டியது இன்னும் எனக்குப் பாக்கி இருந்தது. மீனைக் கூடையிலேயே போட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன்.

சவரிமுத்து சாரை உங்களில் பலருக்குத் தெரியும். அடிபட்ட வண்டிகளைப் பார்த்து இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு மதிப்புப் போட்டுத் தரும் சர்வேயர். அவரால் நஷ்டப்பட்டவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். அவர் அடக்கத்துக்கு வந்திருந்த கூட்டத்தைப் பார்த்தபோது, இதில் பாதிப் பேர் ஒருகாலத்தில் அவரை வாயாரத் திட்டியவர்கள்தானே என்று நினைத்துக்கொண்டேன். நானும் திட்டியவள்தான். நம் பங்குப் பத்திரிகைக்கு, செத்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். நல்லதாக மட்டும் எழுத எனக்கு வராது. அவருக்கும் அது பிடிக்காது.

கைக்குட்டையில் சுற்றிய ஒரு காந்தம் எப்போதும் அவர் சட்டைப்பையில் இருக்கும். வண்டியின் கதவில் அதை வைப்பார். ஒட்டினால் தகரம். ஒட்டாமல் வழுக்கினால், அங்கே தகரம் அரித்துப்போய்ப் பட்டி பூசிச் சாயம் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கடல்காற்றுக்கு நம் ஊரில் எந்த வண்டியும் நாலு வருடம் தாங்காது என்பதால் அந்தக் காந்தம் பாதி நேரம் வழுக்கிக்கொண்டேதான் இருந்தது. அவருடைய அண்ணன் மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை வந்து இறங்கிய காருக்கும் காந்தம் வைத்துப் பார்த்து, "மாப்ள, இந்தக் கதவுல தகரமே இல்லயே" என்றவர் அவர். பந்தலில் மேளக்காரர்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டார். அவர் அண்ணன் அவரிடம் ஒரு வருடம் பேசவில்லை. "கேட்டா சொல்லணும், கேக்கலன்னாலும் சொல்லணும். அப்புறம் எதுக்குக் கண்ணு?" என்பார்.

நான் அவரை அறிந்தது ஒரு வண்டியால். அதை ஊரில் சைகோன் வண்டி என்பார்கள். என் மாமனார் லூயி, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். பிரெஞ்சில் சொல்தா என்றால் சிப்பாய்; சொல்தா லூயி என்றால்தான் ஊருக்குத் தெரியும். பட்டாளத்துக்குப் பிறகும் சைகோனில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியபோது அங்கே ஒரு அமெரிக்கக்காரனிடம் வாங்கிய காரைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார். இரண்டே கதவு, நீளமான மூக்கு, எட்டு சிலிண்டர், இடது பக்கம் ஸ்டியரிங். கிளப்பினால் எங்கள் தெரு ஜன்னல் கண்ணாடியெல்லாம் நடுங்கும். பந்தயத்துக்கே செய்த வண்டி என்று மாமா பெருமையடிப்பார். நம் சாலைகளில் மாட்டு வண்டிக்குப் பின்னால் அது உறுமிக்கொண்டு ஊர்ந்து போவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். ஒரு திருகாணிகூட மாறக்கூடாது என்பது மாமாவின் சட்டம். ஒரிஜினல், ஒரிஜினல் என்று நாளுக்குப் பத்து முறை சொல்வார். பெற்ற பிள்ளையை அந்த மாதிரி ஒரு நாள் கொஞ்சியதை நான் பார்த்ததில்லை.

அந்தப் பிள்ளைதான் என் கணவர் அமலதாஸ். எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டாம் வருடம், எழுபத்து நாலில், நெடுங்காட்டு வயலில் நடவு பார்க்க அந்த வண்டியில் போனவர், வழியில் வாய்க்கால் பாலத்தில் மோதி, வண்டியோடு தண்ணீருக்குள் போய்விட்டார். வண்டிக்குள் ஒரு பிராந்தி போத்தல் உடைந்து கிடந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், மதுவிலக்கு. பஸ் ஏறி வந்து நம் ஊரில் குடித்துவிட்டுச் சாலையில் விழுந்து கிடப்பவர்களைத் தினமும் பார்த்த காலம். காரைக்காலில் ஒருவன் வண்டியோடு விழுந்தால் காரணம் தேடவே வேண்டாம். "குடிச்சிருப்பான்" என்று பாலத்தின் மேல் நின்ற யாரோ சொன்னார்கள். சாயங்காலத்துக்குள் "குடிச்சிருந்தான்" ஆகிவிட்டது.

அந்தப் போத்தல் மாமா வாங்கிவரச் சொன்னது. அது எனக்குத் தெரியும். தொண்டை கிழியச் சொன்னேன். தாலி அறுத்தவள் புலம்பல்தானே என்று விட்டுவிட்டார்கள். பங்குச் சாமியார் ஆறுதல் சொல்ல வந்தபோது மாமாவே கையை விரித்து, "குடிச்சிட்டு ஓட்டியிருக்கான் சாமி, நான் என்னத்தச் சொல்ல" என்றார். பெற்றவரே சொன்ன பிறகு ஊர் எதை நம்பும்? அன்று காலையில் நானும் என் கணவரும் சண்டை போட்டதைப் பக்கத்து வீட்டுக்காரி சொல்லிவைத்தாள். என் வாய்க்குப் பயந்துதான் குடித்தான் என்று கதை வளர்ந்தது. நாலைந்து வருடம் போனதும் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. வாங்கின போத்தலில் வழியில் ஒரு வாய் குடித்திருக்கமாட்டாரா? இதை எழுதும்போது கை கூசுகிறது. ஒரே பொய்யை ஊர் முழுக்கச் சொன்னால் கட்டியவளும் நம்பிவிடுவாள்.

நொறுங்கிய வண்டியை மாமா விற்கவில்லை. கொல்லைப்புறக் கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடிவைத்தார். பிறகு, பைத்தியம் பிடித்த மாதிரி அதைத் திரும்பச் செய்ய ஆரம்பித்தார். பாரீசில் இருந்த சொந்தக்காரர்களுக்கு எழுதி எழுதி, அவர்கள் எங்கெங்கோ சொல்லி, ஒவ்வொரு சாமானாக அதே வண்டிக்கு உரியதையே வரவழைத்தார். டிங்கர் வேலைக்கு ஹனிபா பாய். வருடக்கணக்கில் எங்கள் வீட்டில் சோறு கொதிக்கும் வாசனை இல்லை, மீன் எண்ணெய் நாற்றம்தான். உப்புக்காற்று ஏறாமல் இருக்க வண்டிக்கு அடியில் அதைத்தானே பூசுவார்கள். கழற்றின பழைய சாமானுக்கும் கிரீஸும் மீன் எண்ணெயும் தடவிச் சாக்கில் கட்டிவைக்கச் சொன்னார் மாமா. பிள்ளையின் சட்டை ஒன்றைக்கூட எனக்கு விட்டுவைக்காமல் தானம் கொடுத்த மனுஷர், பழைய இரும்பைச் சாக்கில் கட்டி வைத்தார்.

எண்பத்திரண்டில் வண்டி தயார். நிஜத்தைச் சொன்னால், பளபளவென்று அவ்வளவு அழகாக இருந்தது. பழைய கார்கள் சேர்க்கும் மெட்ராஸ்காரர் ஒருவர் கேள்விப்பட்டு வந்தார். எவ்வளவு வேண்டுமானாலும் தருகிறேன், ஆனால் எல்லாம் ஒரிஜினல்தான் என்று விவரம் தெரிந்த ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார். அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு, சவரிமுத்து சார் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

நான் கொட்டகைக்குக் காபி கொண்டுபோனேன். அவர் தொடவில்லை. காந்தத்தை எடுப்பார் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, "மாட்டினத அப்புறம் பாப்போம். கழட்டினது எங்க?" என்றார்.

மாமாவுக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. "கொண்டாங்க பாய்! ஒன்னுகூட வெளிய போவல. எல்லாம் இருக்கு" என்று ஹனிபா பாயை விரட்டினார். சாக்கைக் கொட்டினார்கள். சார் ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து, வண்டியில் புதிதாக மாட்டியிருந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்தார். எஞ்சின் நம்பரைப் பார்த்தார். கதவு ரப்பரை விரலால் விலக்கி அடியில் பழைய சாயத்தைப் பார்த்தார். மெட்ராஸ்காரர் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. கடைசியாக, இரண்டு துண்டாகக் கிடந்த ஒரு கம்பியை எடுத்தார். ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரத்தைத் திருப்புகிற கம்பி. டை ராடு என்பார்கள். அதைத் துடைத்தவர், வாசல் வெளிச்சத்துக்கு எழுந்து போனார். அங்கிருந்தே கேட்டார்.

"இது எப்ப முறிஞ்சது?"

"பாலத்துல மோதினதுல சார்" என்றார் ஹனிபா பாய்.

"மோதி முறிஞ்சா வளைஞ்சு முறியும். இது நேரா இருக்கு. சரி, இங்க வெல்டு வச்சுப் பத்தவச்சிருக்கே, அது எப்ப?"

ஹனிபா பாய் மாமாவைப் பார்த்தார். மாமா, "ஆக்சிடெண்டுக்கு அப்புறம்தான்... ஒட்டிப் பாக்கலாம்னு..." என்று இழுத்தார்.

"லூயி அண்ணே, பத்தவச்ச எடத்துலயேல்ல முறிஞ்சிருக்கு? முறிஞ்சதுக்கு அப்புறம் பத்தவச்சிருந்தா இது இப்ப ஒரே துண்டால்ல இருக்கணும்?" என்றார் சார். பிறகு முறிந்த முகத்தைத் திருப்பி எங்களுக்குக் காட்டினார். பாதி கறுத்திருந்தது. பாதி வெளுப்பாக இருந்தது. "கறுப்பா இருக்க பாதி முன்னாடியே விட்டுப்போச்சு. பல நாளா விரிசலோடதான் ஓடியிருக்கு. மிச்சப் பாதி அன்னைக்கு விட்டுருக்கு. விட்ட பெறவு ஸ்டியரிங்க எப்படித் திருப்பினாலும் சக்கரம் கேக்காது. சாமியே வந்து ஓட்டினாலும் பாலத்துலதான் போவும்."

நான் தையல் டீச்சர். விட்டுப்போன தையலைப் பார்த்தால், ஒரே இழுப்பில் கிழிந்ததா, நூல் நூலாக நைந்து கிழிந்ததா என்று எனக்குத் தெரியும். அந்த இரும்பைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. காபித் தட்டைத் தரையில் வைத்தேன்.

மாமா கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டார். எட்டு வருடமாக வாயில் வைத்திருந்ததை அப்போதுதான் துப்பினார். "மாத்திடுவோம்ப்பான்னு சொன்னான். ஜீப்புக் கம்பி ஒன்ன வெட்டிப் போட்டா சரியாயிடும்னு சொன்னான். போட்டா ஒரிஜினல் போயிடும்டான்னு நான்தான் படகுக்கு இரும்பு வேலை செய்ற கம்மியன்கிட்ட குடுத்துப் பத்தவச்சேன். அது தாங்கும்னு நெனச்சேன். தாங்கும்னுதான் நெனச்சேன்."

பிறகு நான் கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும். "தெரிஞ்சே எம்புருஷனக் குடிகாரன்னீங்களே! சாமியார்ட்ட சொன்னீங்களே! பெத்தவரு வாய் அழுகிப்போவாதா?" என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன். அச்சில் போட முடியாது. மெட்ராஸ்காரர் பாவம், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்று, கடைசியில் மெதுவாக, "அப்ப வண்டி..." என்றார்.

"வண்டி ஒரிஜினல்தான்" என்றார் சவரிமுத்து சார். "எஞ்சின், பாடி எல்லாம் அதோடதுதான். நீங்க நெனச்சத விடக் கூடவே விலை போவும். ஒரிஜினலாவே இருக்கணும்னு ஒரு உசுர வாங்கின வண்டி. அதையும் தெரிஞ்சுகிட்டு வாங்குங்க."

அத்தோடு அவர் கிளம்பியிருந்தால் நான் அவரைக் கடவுளாகக் கும்பிட்டிருப்பேன். கிளம்பவில்லை. என்னிடம் வந்தார். "அவர மட்டும் கேக்காதீங்கம்மா. அன்னைக்கு இந்த வண்டியப் பாக்க வந்த சர்வேயர் நான்தான்" என்றார். எனக்கு அது தெரியாது. கணவன் செத்த வீட்டில் மூலையில் கிடந்தவளுக்கு, யார் வந்தார்கள், யார் எழுதினார்கள் என்று யார் சொல்வார்கள்? அவரே சொன்னார். "வண்டி வாய்க்கால்ல கெடந்திச்சு. முழங்காலுக்கு மேல சேறு. நான் கரையில நின்னுதான் பாத்தேன். பேண்ட்டு பாழாயிடும்னு எறங்கல. பிராந்தி நாத்தம் கரை வரைக்கும் வந்துச்சு. குடிபோதைன்னு எழுதிட்டேன். நான் எழுதினதத்தான் மத்தவங்களும் எழுதினாங்க."

ஆறிப்போன காபியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அதன் பிறகு தெருவில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். மாமாவுக்குச் சோறு போட்டேன், துணி துவைத்தேன். பேசவில்லை. அவர் வண்டியை விற்கவும் இல்லை, அதற்குப் பிறகு அந்தக் கொட்டகைப் பக்கம் போகவும் இல்லை.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. அன்று நம் கல்லறைத் தோட்டத்தில் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஊரே அங்கேதான். சாமியார் கல்லறைகளை மந்திரித்துவிட்டு நகர்ந்திருந்தார். அமலதாஸ் கல்லறையில் நான் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தேன். மாமா இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். சவரிமுத்து சார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கல்லறைக்கு எதிரே நின்று, ஏலம் கூறுகிறவர் மாதிரி சத்தமாகப் பேசினார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. இந்தப் புள்ள குடிக்கல. வண்டியில கம்பி முறிஞ்சுதான் செத்துச்சு. நான் கிட்டப் போயி பாக்காம குடிச்சிருந்தான்னு எழுதினேன். எழுதினது பொய். நான் சவரிமுத்து சொல்றேன்."

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கிழவி மட்டும், எட்டு வருஷம் கழிச்சு இதெல்லாம் எதுக்குப்பா, என்றாள். சார் அவளைத் திரும்பிப் பார்த்து, "செத்தவனுக்குத் தேதி ஏதும்மா?" என்றார். அப்போது மாமா, "ஆமா. எம்புள்ள குடிக்கல" என்றார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவருக்கு உடம்பே ஆடிப்போயிற்று. நான்தான் பிடித்துக்கொண்டேன். அந்த வருடத்தில் அவரை நான் தொட்டது அதுதான் முதல் தடவை.

வெளியே வரும்போது சாரை மறித்துக் கேட்டேன். நன்றி சொல்வதா, திட்டுவதா என்று எனக்குத் தெரியவில்லை. "அன்னைக்கே எறங்கியிருக்கலாமே சார்" என்றேன். சாக்குச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர், "எறங்கியிருக்கணும்மா" என்றார். அவ்வளவுதான். மன்னிப்பும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் கொடுத்திருப்பேனா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அதன் பிறகு அவரோடு வேலைக்குப் போனவர்கள் ஒன்று சொல்வார்கள். அவர் பையில் ஒரு பழைய கைலி இருக்குமாம். வாய்க்கால், குட்டை, சாக்கடை எதுவானாலும் சரி, பேண்ட்டைக் கழற்றிவைத்துவிட்டுக் கைலியைக் கட்டிக்கொண்டு இறங்கி, வண்டிக்கு அடியில் தலையை விட்டுத்தான் பார்ப்பாராம். வயதான பிறகு சளி பிடித்து ஒரு வாரம் படுத்தும் இருக்கிறார். சர்வே சாருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நீங்கள் சிரித்திருப்பீர்கள். ஏன் இறங்கினார் என்பது இப்போதாவது உங்களுக்குத் தெரியட்டும்.

மறுவருடம் மாமா போய்விட்டார். கடைசி வரையில் நான்தான் பார்த்துக்கொண்டேன். மன்னித்துப் பார்த்துக்கொண்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். வேறு யாரும் இல்லை, பார்த்துக்கொண்டேன். அதன் பிறகு மெட்ராஸ்காரருக்கே சொல்லி அனுப்பி, வண்டியையும் சாக்கையும் அந்தக் கம்பி உட்படக் கொடுத்துவிட்டேன். வீட்டில் வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

எட்டு வருடத்தை அவரால் எனக்குத் திருப்பித் தர முடியவில்லை. அவர் அடக்கம் நடந்தபோதும் அந்த ஆத்திரம் எனக்குப் போகவில்லை, இப்போதும் இருக்கிறது. ஆனால் இந்த ஊரில் தன் பெயர் கெட்டாலும் சரி என்று, செத்தவன் பெயரை நிமிர்த்திவைத்த மனிதர் அவர் ஒருவர்தான். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு கேள்வி. அதை நான் விடுவதாக இல்லை.

அடக்கம் முடிந்த நாலாம் நாள், காரைக்கால்மேட்டில் என்னிடம் தையல் படித்த ஒரு பெண்ணின் வீட்டில் சாவு. புருஷன் கடலுக்குப் போன இடத்தில் படகிலிருந்து விழுந்துவிட்டான். துக்கம் கேட்கப் போனேன். பந்தலுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். "தண்ணியப் போட்டுட்டுத்தான் ஏறியிருக்கான். இல்லன்னா விழுவானா?" என்றார் ஒருவர். மற்றவர்கள் தலையாட்டினார்கள். உள்ளே சுவரோரம் அந்தப் பெண் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அது கேட்டிருக்கும் என்பது எனக்குத் தெரியும். நான் உள்ளே போகாமல் அவர்கள் முன்னால் போய் நின்றேன்.

"யாரு பாத்தது? நீங்க பாத்தீங்களா? அந்தப் படகுல ஏறிப் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

பார்த்தவர் ஒருவரும் இல்லை. ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். உள்ளே, அந்தப் பெண் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.